நிலக்கரி வாயுவும் கந்தக விஷமும்

நிலக்கரியை அப்படியே எரித்துவிடாமல், முதலில் அதனை வாயுவாக்கி, அவ்வாயுவைக் கொண்டு மின்சாரமும் உரமும் இரும்பும் எரிபொருளும் செய்துகொள்ள வேண்டுமென்ற முயற்சியில் நமது தேசம் இறங்கியிருக்கிறது. 2030-ஆம் வருஷத்திற்குள் பத்துக் கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவதென்று மத்திய சர்க்கார் இலக்கு வைத்திருக்கின்றனர். அதற்கு ஊக்கமளிக்கும் பொருட்டு 8,500 கோடி ரூபாய்த் திட்டமொன்றை 2024 ஜனவரியில் மந்திரி சபை அங்கீகரித்தது. இவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவோர் உலைகளின் பெருமையையும், இறக்குமதியில் மிச்சப்படும் பணத்தையும் எடுத்துரைக்கின்றனர். அவ்விரண்டும் பேசத் தக்கவையே. ஆனால் உலையினின்று புறப்படும் வாயுவைச் சுத்தி செய்வது எங்ஙனம், அதனைச் செய்யும் வித்தை யார் கையில் இருக்கப்போகிறது என்ற வினாக்கள் பொதுஜனங்களின் காதில் விழுவதே இல்லை. முயற்சி முழுவதும் நிற்பதும் விழுவதும் இவ்வினாக்களின் மீதுதான் என்பது நமது அபிப்பிராயம். ஆதலின் இதனை வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கந்தகம் செய்யும் கேடு

பூமியில் புதைந்து கரியான மரஞ்செடிகளோடு கந்தகமும் கலந்தே கிடக்கிறது. நமது தேசத்து நிலக்கரியில் பெரும்பகுதிக்கு ஒரு நற்பேறு உண்டு. அதில் கந்தகம் நூற்றுக்கு ஏறக்குறைய அரைப் பங்குதான். ஆனால் அஸ்ஸாம், மேகாலயப் பிரதேசங்களின் நிலக்கரியில் நூற்றுக்கு இரண்டு முதல் எட்டுப் பங்கு வரை கந்தகம் உண்டு. அதுவும் கரியின் உடலோடு உடலாகப் பிணைந்து கிடப்பதால், நீரில் அலசிப் பிரித்துவிட இயலாது.

நிலக்கரியைத் தாராளமான காற்றில் எரித்தால் இக்கந்தகம் கந்தக டை ஆக்ஸைடு ஆகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. அளவாகப் பிராணவாயுவும் நீராவியும் செலுத்தி வாயுவாக்கும்போதோ, அது ஹைட்ரஜனோடு கூடி ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயுவாக மாறுகிறது. ஒரு சிறு பகுதி கார்பனைல் சல்பைடு என்ற வேறொரு வடிவமும் எடுக்கிறது. முன்னதன் குணத்தைத் தொழிலாளர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம். மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டையின் துர்நாற்றம் வீசி அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அளவு மிகுந்துவிட்டாலோ மூக்கை மரத்துப்போகச் செய்து, நாற்றமே இல்லையென்று எண்ணும்படி ஏமாற்றி உயிரை வாங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் சில நூறு பங்கு இருந்தாலே மரணம் விளையக்கூடும்.

மனிதனுக்கு விஷமாவது யந்திரத்திற்கும் விஷமாகிறது. அது குழாய்களை அரிக்கிறது. வாயு டர்பைனின் தகடுகளைக் கெடுக்கிறது. இரும்புத் தாதை ஒடுக்கும் உலையில் நுழைந்தால் இரும்போடு கலந்து, காய்ச்சி அடிக்கையில் வெடித்துப் பிளக்கும் கெட்ட உலோகத்தைத் தருகிறது. உரத்திற்கு வேண்டிய அம்மோனியாவையும் மெத்தனாலையும் ஆக்கித் தரும் கிரியா ஊக்கிகளோ இன்னும் மென்மையானவை. பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு கந்தகம் என்ற அளவைத் தாண்டினாலே அவை நாளடைவில் செத்துப்போகின்றன. கோடிக் கணக்கில் பணம் போட்டு நிறுவிய ஆலை, கண்ணுக்குத் தெரியாத இவ்வணுவளவு விஷத்தால் நின்றுபோகும்.

லண்டன் மாநகர் கற்ற பாடம்

இந்தத் தொல்லை புதிதன்று. 1812-ல் லண்டனில் வாயு விளக்குக் கம்பெனிக்குச் சாசனம் அளிக்கப்பட்ட காலத்திலேயே இது தோன்றிவிட்டது. வீட்டிற்குள் விளக்கெரித்தவர்கள் நாற்றத்தைத் தாங்கவில்லை. சாமுவேல் கிளெக் என்ற பொறியாளர் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்திக் கந்தகத்தைப் பிடிக்கும் உபாயத்தைக் கையாண்டார். கந்தகம் பிடிபட்டது, ஆனால் பிடித்த சுண்ணாம்பை எங்கே கொட்டுவது? அந்தச் சேறு அண்டை வீதிகளெங்கும் நாறியது. வீட்டுக்குள் இருந்த நாற்றம் தெருவுக்கு வந்ததே கண்ட பலன்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரும்பு ஆக்ஸைடு வந்து இச்சிக்கலை ஒருவாறு தீர்த்தது. இரும்பு கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும்; பின்னர் காற்றில் பரப்பி வைத்தால் கந்தகத்தைக் கக்கிவிட்டு மறுபடியும் வேலைக்குத் தயாராகும். இங்ஙனம் பல முறை பயன்பட்டுக் கந்தகம் நிறைந்துபோன துகளைக் கந்தகத் திராவகம் காய்ச்சுவோர் விலை கொடுத்து வாங்கிச் சென்றனர். சேறாக நாறிய பொருள் சரக்காக மாறியது. 1868-ல் பார்லிமெண்டு சட்டமியற்றி, லண்டன் வாயுவின் சுத்தத்தைப் பரிசோதித்து அளவு விதிக்க மத்தியஸ்தர்களை நியமித்தது. சட்டம் கேட்டது, ரசாயன சாஸ்திரிகள் பதில் கண்டுபிடித்தார்கள். கம்பெனிகளின் நல்லெண்ணத்தை மாத்திரம் நம்பியிருந்தால் அந்நகரத்தார் நெடுங்காலம் காத்திருந்திருப்பர்.

இந்தப் பழங்கதையில் இரண்டு விதிகள் அடங்கியுள்ளன. பிடித்த கந்தகத்தை என்ன செய்வதென்று அறியாமல் கந்தகத்தைப் பிடிக்க முற்படலாகாது என்பது ஒன்று. பிடிக்கும் பொருள் மறுபடி மறுபடி பயன்பட வேண்டும் என்பது மற்றொன்று. இன்றைய சாஸ்திரமும் இவ்விரு விதிகளைத் தாண்டிவிடவில்லை.

குளிரச் செய்து கழுவுதல்

இன்று உலகெங்கும் வழங்கும் முறை யாதெனில், உலையினின்று 900 டிகிரி செண்டிகிரேட்டும் அதற்கு மேலுமாக வரும் வாயுவைக் கைச்சூட்டிற்குக் குளிரச் செய்து, கந்தகத்தைக் கரைத்துக்கொள்ளும் திரவத்தில் கழுவுவதாகும். அமீன் என்னும் திரவங்களுக்கு 40 டிகிரியளவு போதும். ஜெர்மானியர் வகுத்த ரெக்டிஸால் முறையிலோ மெத்தனாலை உறைநிலைக்குக் கீழே பல பத்து டிகிரி குளிர வைத்துக் கழுவுகின்றனர். தென்னாப்பிரிக்காவின் ஸாஸோல் ஆலையில் 1955 முதல் இம்முறை பயன்பட்டு வந்திருக்கிறது. வாயு மிகவும் சுத்தமாகிறது என்பதில் ஐயமில்லை. வந்த கந்தகம், 1883-ல் கிளாஸ் என்பார் கண்ட வழியில், மஞ்சள் கந்தகமாகவே திரும்பக் கிடைக்கிறது.

ஆயினும் இதில் ஒரு விரயம் உண்டு. நெருப்பிலிருந்து எடுத்த பொருளைப் பனியில் தோய்த்து, மறுபடியும் நெருப்பில் வைப்பதை ஒக்கும் இது. குளிரச் செய்யும்போது வெப்பத்தில் ஒரு பகுதியைக் கொதிகலன் மூலம் மீட்கலாம். முழுவதையும் மீட்க இயலாது. அன்றியும் வாயுவிலுள்ள நீராவி தண்ணீராக இறங்குகையில் அம்மோனியாவும் தாரும் வேறு பல அழுக்குகளும் அதனோடு இறங்குகின்றன. அக்கழிவுநீரைச் சுத்தி செய்யத் தனியே ஓர் ஆலை வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள இடத்தில் இது சிறிய விஷயமன்று. கார்பனைல் சல்பைடோ அமீனில் எளிதில் கரையாது. அதை முன்னதாகவே ஹைட்ரஜன் சல்பைடாக மாற்ற மற்றொரு பாத்திரம் வேண்டும். இங்ஙனம் பாத்திரத்தின் மேல் பாத்திரமாகச் செலவு ஏறுகிறது.

சூட்டிலேயே பற்றுதல்

வாயுவைக் குளிர வைக்காமலே, சூட்டோடு சூடாகக் கந்தகத்தைப் பிரித்துவிட்டால் என்ன? இக்கேள்வியே கடந்த ஐம்பது வருஷங்களாகப் பல தேசத்து ஆராய்ச்சியாளரை ஆட்டிவைத்திருக்கிறது. திரவங்கள் அவ்வெப்பத்தைத் தாங்கா; ஆதலின் உலோகங்களின் ஆக்ஸைடுகளையே நாட வேண்டியிருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லை உலைக்குள்ளேயே போடலாம். 800 டிகிரிக்கு மேலும் அது உழைக்கும், விலையும் மலிவு. ஆனால் சிறிது கந்தகத்தை விட்டுவிடும். கந்தகம் ஏறிய சுண்ணாம்பை எரித்து ஜிப்ஸமாக்காமல் வெளியே கொட்டினால், ஈரம் பட்டதும் மறுபடியும் அதே விஷவாயுவைக் கக்கும். லண்டன் சேற்றின் கதைதான்! இரும்பு ஆக்ஸைடு விரைவாகப் பற்றும். ஆனால் சூடான வாயுவில் முற்றும் துடைத்தெடுக்க அதனால் ஆகாது. துத்தநாக ஆக்ஸைடு ஒன்றே பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவிற்குக் கந்தகத்தைக் குறைக்க வல்லது. கார்பனைல் சல்பைடையும் அது விடாது. ஆனால் அதற்கும் ஒரு குறையுண்டு. 600 டிகிரியைத் தாண்டிச் செல்லச் செல்ல, வாயுவிலுள்ள ஹைட்ரஜன் அதனை வெறும் துத்தநாகமாக்கிவிடுகிறது. அத்துத்தநாகமோ ஆவியாகிப் பறந்துவிடுகிறது.

இதனை அடக்கவே அமெரிக்காவில் மார்கன்டவுனிலுள்ள சர்க்கார் ஆராய்ச்சி சாலை முதலியவற்றில் துத்தநாகத்தை இரும்போடு கூட்டிப் பார்த்தார்கள். பின்னர் டைட்டேனியத்தோடு கூட்டினார்கள். டைட்டேனியத்தின் கூட்டுறவில் துத்தநாகம் சற்று அடங்கி நின்றது.

பற்றுவது எளிது, விடுவிப்பது அரிது

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கந்தகத்தைப் பிடிக்கும் பொருளைக் கண்டுபிடிப்பதில் இருந்த சங்கடத்தைவிட, பிடித்ததை விடுவித்து, அப்பொருளை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் உள்ள சங்கடமே பெரிது. ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிட்டால் துத்தநாகத்தின் விலை ஆலையையே மூழ்கடித்துவிடும். ஒரே துகள் நூற்றுக் கணக்கான முறை பற்றி, நூற்றுக் கணக்கான முறை விட வேண்டும்.

கந்தகம் ஏறிய துகளின்மேல் காற்றைச் செலுத்தினால் கந்தகம் எரிந்து வெளியேறுகிறது. அப்போது பெருவெப்பம் பிறக்கிறது. வெப்பத்தை அடக்காவிட்டால் துகள்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, நுண்துளைகள் அடைபட்டுப் பயனற்றுப் போகும். பயந்து வெப்பத்தைக் குறைத்தாலோ சல்பேட் என்ற மேலோடு படிந்து துகளை மூடும். இரண்டிற்கும் நடுவே உள்ள வழி குறுகலானது. அன்றியும் ஆக்ஸைடு சல்பைடாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கிற்கு மேல் பெருக்கிறது. விடுபட்டதும் மறுபடி சுருங்குகிறது. நாள் முழுதும் இங்ஙனம் ஊதியும் சுருங்கியும் வருந்தும் துகள், முடிவில் வெடித்துப் பொடியாகிறது. பொடி வாயுவோடு சென்று டர்பைனைத் தாக்குகிறது. காகிதத்தில் ஒரு வரியில் எழுதிவிடக் கூடிய ரசாயன வினை, ஆலையில் பல வருஷ உழைப்பை விழுங்கியதன் காரணம் இதுவே.

அமெரிக்கர்களின் அனுபவம்

அத்தேசத்தார் தம் தோல்விகளை மறைக்காமல் அறிக்கைகளாக வெளியிட்டிருப்பதால் நாம் அவற்றினின்று கற்றுக்கொள்ள முடிகிறது. நெவாடா ராஜ்யத்தில் ரெனோ நகருக்கு அருகே பின்யோன் பைன் என்ற பெயரால், ஏறக்குறைய 100 மெகாவாட் சக்தியுள்ள மின்சார நிலையமொன்றைச் சர்க்கார் உதவியோடு கட்டினார்கள். உலையில் சுண்ணாம்பும், வெளியே துத்தநாகத் துகளுமாகச் சூட்டிலேயே கந்தகம் நீக்குவது அதன் ஏற்பாடு. 1998 முதல் 2000 வரை பதினெட்டு முறை வாயு உலையை ஓட்ட முயன்றனர். ஒரு முறையேனும் அது நிலைத்து ஓடவில்லை. ஆனால் அங்கே பெருந்தொல்லை கொடுத்தது கந்தகத் துகள் அன்று. சூடான வாயுவினின்று சாம்பலை வடித்து, அச்சாம்பலை வெளியே இறக்கும் கருவிகளே அடைபட்டு வேலையைக் கெடுத்தன.

பிளாரிடாவில் போல்க் என்னுமிடத்தில் 250 மெகாவாட் நிலையம் 1996-ல் ஓடத் தொடங்கியது. அங்கே வாயுவில் பத்தில் ஒரு பங்கைச் சூட்டிலேயே சுத்தி செய்ய ஓர் ஏற்பாடு கட்டினார்கள். துகள் தேய்ந்து பொடியாவதற்கு அஞ்சி அதனை ஓட்டாமலே விட்டுவிட்டனர். மற்றைய வாயு அமீனில் கழுவப்பட்டு, நிலையம் செம்மையாக ஓடிற்று.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. வட கரோலினாவைச் சேர்ந்த ஆர்.டி.ஐ. என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் பிடிவாதமாக முயன்று, மணல் போன்ற நுண்ணிய, உறுதியான துத்தநாகத் துகளைச் செய்தனர். எண்ணெய் சுத்தி ஆலைகளில் உள்ளது போல, ஒரு குழாயில் துகள் பற்றிக்கொண்டு, மற்றொரு குழாயில் விட்டுவிட்டு ஓயாமல் சுழன்று வரும்படி அமைத்தனர். வெப்பத்தையும் 300 முதல் 600 டிகிரி வரை என்று இறக்கிக்கொண்டனர். முதலில் டென்னஸியில் ஒரு ரசாயன ஆலையில் சிறிய அளவில் ஓட்டிப் பார்த்து, பின்னர் 2014-ல் அதே போல்க் நிலையத்தில் 50 மெகாவாட் அளவுக்கு வாயுவைச் செலுத்தினர். மூவாயிரம் மணி நேரத்திற்கு மேல் அது ஓடிற்று. ஆயிரத்தில் ஒரு பங்கு தவிர மற்றக் கந்தகமனைத்தும் நீங்கிற்று. முன்பு துகளுக்கு அஞ்சி ஒதுக்கிய இடத்திலேயே துகள் வென்றது. பின்னர் அந்நிலையம் மலிவான இயற்கை வாயுவுக்கு மாறிவிட்டது வேறு விஷயம், வித்தை நிரூபிக்கப்பட்டுவிட்டது.

நமக்கு வேண்டியது யாது?

வாயுவாக்கும் தொழில் நமக்கு முற்றும் புதிதன்று. கல்கத்தா வீதிகளில் 1857-லேயே நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. நெய்வேலியில் 1966 முதல் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா செய்தார்கள். பின்னர் அவ்வாலை எரியெண்ணெயை நாடிற்று. ராமகுண்டத்திலும் தால்சேரிலும் 1980-ல் தொடங்கிய நிலக்கரி உர ஆலைகள் 1999-ல் மூடப்பட்டன. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் ஸ்தாபனத்தார் 6.2 மெகாவாட் அளவில் ஒரு பரிசோதனை நிலையம் அமைத்து, சாம்பல் மிகுந்த நமது நிலக்கரிக்கு எவ்வகை உலை ஏற்றது என்று ஆராய்ந்தனர். அதே ஸ்தாபனத்தார் ஹைதராபாத்தில் சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியினின்று மெத்தனால் எடுத்தும் காட்டியுள்ளனர். ஆகவே அறிவும் கையும் நம்மிடம் இல்லாமலில்லை; தொடர்ந்து நடத்தும் உறுதியே குறைவு.

"நமது நிலக்கரியில் கந்தகம் சொற்பந்தானே, இவ்வளவு கவலை எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். பத்துக் கோடி டன்னில் நூற்றுக்கு அரைப் பங்கு என்றால் ஐந்து லட்சம் டன் கந்தகம்! இதைப் பிடிக்காவிட்டால் ஆலை நிற்கும். பிடித்து எரித்துக் காற்றில் விட்டால் ஊர் நாசமாகும். முறையாக மீட்டால் உரத்திற்கு வேண்டிய திராவகமாகும். வெளிநாடுகளிலிருந்து கந்தகம் தருவிக்கும் தேசம் தன் கந்தகத்தைத் தானே விஷமாக்கிக்கொள்வது என்ன விவேகம்?

மறுதரப்பாரின் வாதத்தையும் மறைக்க நாம் விரும்பவில்லை. உரமும் மெத்தனாலும் செய்யும் ஆலைகளில் கரியமில வாயுவை நீக்க எப்படியும் குளிர்முறை வேண்டியிருக்கிறது. அங்கே கந்தகத்தையும் அதனோடு கழுவிவிடலாம். பாதரசம் போன்ற சில அழுக்குகளைச் சூட்டில் பிடிப்பதும் கடினம். இவை நியாயமான ஆட்சேபங்கள். ஆதலின் எல்லா ஆலைகளிலும் சூட்டு முறையையே புகுத்த வேண்டுமென்று நாம் கூறவில்லை. மின்சாரம் எடுக்குமிடத்திலும், வாயு மறுபடியும் சூடாகவே உலைக்குள் செல்ல வேண்டிய இரும்புத் தொழிலிலும் அதன் அனுகூலம் அதிகம். அங்கே அதற்கு இடமளிக்க வேண்டும் என்பதே நமது கட்சி. நமது நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பலிருப்பதால், பின்யோன் பைனைக் கவிழ்த்த சாம்பல் வடிகட்டி நமக்கு இன்னும் பெரிய சோதனையாகும் என்பதையும் மறக்கலாகாது. பிற தேசத்து நிலக்கரியில் வெற்றி கண்ட யந்திரம் நமது நிலக்கரியிலும் வெற்றி காணுமென்பதற்கு அத்தாட்சி இல்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. சர்க்கார் பணம் பெறும் ஒவ்வொரு பெரிய வாயு ஆலையிலும், இருபதில் ஒரு பங்கு வாயுவையேனும் சூட்டு முறைச் சுத்திகரிப்புப் பரிசோதனைக்கு ஒதுக்க வேண்டும். துகள்களை நமது சர்வகலாசாலைகளிலும் ஆராய்ச்சி சாலைகளிலும் செய்து, ஆயிரம் சுற்றுக்களேனும் நமது சாம்பலோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். வெற்றியோடு தோல்வியையும் அச்சிட்டுப் பகிரங்கப்படுத்த வேண்டும். அஸ்ஸாம் நிலக்கரியை விலக்கிவிடாமல், கடினமான சோதனைக்கு அதனையே எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே சென்ற கந்தகம் இவ்வளவு, மீட்டது இவ்வளவு, காற்றில் போனது இவ்வளவு என்ற கணக்கை ஒவ்வோர் ஆலையும் வருஷந்தோறும் ஜனங்கள் முன் வைக்கும்படி சட்டம் வேண்டும். தொழிலாளி உள்ளே செல்லுமுன் மூக்கை நம்பாமல் கருவியை நம்பும்படி, விஷவாயுவைக் காட்டும் கருவி அவன் சட்டையில் இருக்க வேண்டும்.

உலையை விலைக்கு வாங்கலாம். துகளையும் விலைக்கு வாங்கலாம். ஆனால் வாங்கிய துகள் தேய்ந்தவுடன் மறுபடி கப்பலை எதிர்பார்த்து நிற்கும் ஆலை நம்முடைய ஆலையாகாது. பத்துக் கோடி டன் என்ற எண்ணைப் பறையடிப்பதற்கு முன், ஒரு பிடி துத்தநாகத் துகளை நமது கையால் செய்து, நமது நிலக்கரியின் கொதிக்கும் வாயுவில் ஆயிரம் முறை ஓட்டிக் காட்டுவோமாக. அதன் பின்னர் அந்த எண் தானே வந்து சேரும்.